காலமானவரின் பெட்டி

"நேத்து மட்டும் நானூத்திப் பன்னெண்டு பேர்" என்று காப்பியை வாங்கும்போதே சொன்னார் நடத்துநர்.

மனைவி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். முந்தின நாள் முன்னூற்றி எழுபது, அதற்கு முந்தின நாள் முன்னூற்றி இருபது. மூன்று வாரமாக அந்த வீட்டில் விடிந்ததும் கேட்கும் முதல் சேதி இதுதான். பரீட்சையில் நூறு வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அவர் சொல்வார். கேட்கிறவர்களுக்கும் அந்தப் பிள்ளை மேல் பிரியம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

நடத்துநர் என்றால் பேருந்தில் போகிறவர் அல்ல. அந்தக் கேலியைப் பதினான்கு வருஷத்துக்கு முன்பே மனைவி செய்து முடித்துவிட்டாள். "நடத்துநரா? அப்ப எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றாள். அவர் சிரிக்காமல் ஏழாம் எண்ணில் அவளுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். பிழைப்புக்கு அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடத்தியது வீட்டின் பின்னறையில் இருந்த பலகையை.

பலகை என்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆட்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் வந்து, பொதுவில் நாலு சேதி எழுதிவைத்து, மற்றவர் எழுதியதற்குப் பதில் சொல்லி, ஒருவருக்கொருவர் தனிக் கடிதமும் போட்டுவிட்டுப் போவார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த காலத்தில் ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவர் வெளியே காத்திருக்க வேண்டும். இப்போது இணையம் வழியாக வருகிறார்கள், காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் காத்திருக்க ஆளும் இல்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படம் கிடையாது. முப்பத்தேழு உறுப்பினர்கள். ஒழுங்காக வந்து போகிறவர்கள் பதினோரு பேர். இந்தப் பதினோரு பேருக்காக அவர் இரண்டு தடவை வெளியூர் வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

யாருக்கும் நிஜப் பெயர் இல்லை. முதல் உறுப்பினர் ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவர், அவர் பெயர் பெண்டுலம். மனைவி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஏழு. எண்ணையே பெயராக வைத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். யோசிக்கச் சோம்பல் என்று அவர் நினைத்தார். அவளோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், நாள் முழுக்கச் சொற்களோடு கிடப்பவள்.

பலகைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது நடத்துநர் எழுதிய வரி. "உங்கள் தனிக் கடிதத்தை நீங்களும் அனுப்பியவரும் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள், நான் உட்பட." அதில் ஏமாற்று இல்லை. கடிதங்கள் எல்லாம் பூட்டு இல்லாத சாதாரண எழுத்தாக அவருடைய கம்ப்யூட்டர் வட்டிலேயே, 'தனி' என்ற ஃபோல்டரில், ஆளுக்கொரு பெட்டியாகக் கிடந்தன. ஒரு விசையைத் தட்டினால் போதும். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் தட்டியதில்லை. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகரக் கூடாது, அதில் பெரிய மனிதருக்கு ஒரு சட்டம் மற்றவருக்கு ஒரு சட்டம் கிடையாது. தன் வாக்கையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். அதைச் சொல்லிக்கொள்ளவும் தயங்கமாட்டார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் எப்படியாவது பேச்சை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உறுப்பினர் காலமானால் அவர் பெட்டியை மூடுவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். பெண்டுலத்துக்கு ஆறு வருஷத்துக்கு முன் புள்ளி விழுந்தது. நல்ல மனிதர். வீட்டுக்கு வந்தால் பின்னறைக்கு ஓடாமல் அரைமணி நேரமாவது சமையலறை வாசலில் உட்கார்ந்து மனைவியிடம், "நீ சொல்லும்மா, உன் கதை என்ன?" என்று கேட்பவர் அவர் ஒருவர்தான். அவர் போனபோது பலகையில் எல்லோரும் இரங்கல் எழுதினார்கள். ஏழு பொதுவில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, அச்சகத்தில் அரைநாள் விடுமுறையான புதன்கிழமைகளில், ஏழு பலகைக்குள் வந்து போவதை நடத்துநர் வருகைப் பட்டியலில் பார்த்தார். பலகையில் ஒரு சொல் விளையாட்டு உண்டு. அதை ஆடுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டார். மனைவிக்கும் கடைசியில் பலகை பிடித்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு பட்டார்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். பலகையில் யாரோ, "இங்கே நாம் பேசுவது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லையே" என்று எழுதப்போக, நடத்துநருக்கு அது முள்ளாகத் தைத்தது. அதே கம்ப்யூட்டரில் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு வெப் சர்வரையும் ஓடவிட்டார். பொதுச் சேதிகளை மட்டும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் வந்து படிக்கலாம் என்பது திட்டம். தினமும் அவற்றை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் போடுவது பெரிய வேலையாகத் தோன்றியது. அதனால் பலகையின் ஃபோல்டரையே வெப் சர்வருக்குக் காட்டி, அதற்குள் இருந்த 'பொது' என்ற ஃபோல்டரின் முகவரியை மட்டும் ஊருக்குக் கொடுத்தார். வேறு முகவரி யாருக்கும் தெரியாதே, தெரியாத வாசலில் யார் நுழைவார்கள்?

வெப் சர்வருக்கு ஒரு பழக்கம். ஃபோல்டரில் இருப்பதை அதுவாகவே பட்டியல் போட்டுக் காட்டும்போது, பட்டியலின் தலையில் 'ஒரு படி மேலே' என்று ஒரு வரியையும் தானே சேர்த்துவிடும். அதைத் தட்டினால் வெளி ஃபோல்டர் திறக்கும். அங்கே 'பொது' இருக்கும், பக்கத்திலேயே 'தனி'யும் இருக்கும். அந்த வரியை நடத்துநர் தினமும் பார்த்தார். தட்டிப் பார்க்கவில்லை. மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியுமே.

முதல் மாதம் நாளுக்கு ஐந்து பேர், ஆறு பேர் வந்தார்கள், அதில் பாதி அவரே. பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. வால்வு ரேடியோவைப் பற்றி அவர்கள் அடித்துக்கொண்ட பழைய சண்டைகளை உலகம் கடைசியில் கண்டுகொண்டது என்று நினைத்தார். பலகையில் நன்றி அறிவிப்புப் போட்டார். வேலை செய்யும் இடத்தில் லிஃப்ட்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு உதவியாளரிடம் கணக்குச் சொன்னார். வந்தவர்கள் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்பதும் சர்வரின் பதிவில் வரிவரியாக இருந்தது. ஆனால் யார் எதைப் படிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது ஒட்டுக் கேட்பதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. அதனால் பதிவின் மொத்த எண்ணிக்கையை மட்டும் காலையில் எடுத்துச் சொல்லும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொள்கை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே விஷயம் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மனைவியின் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆள் இல்லை. தங்கை அச்சகத்தில் இருப்பாள் என்று தெரிந்தே வந்திருந்தாள். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இது உங்க மெஷின்ல இருந்து வந்ததா தம்பி?"

மேல் தாளைப் பார்த்தார். பெறுநர்: பெண்டுலம். அனுப்பியவர்: ஏழு. அதற்குக் கீழே கண் போவதற்குள் கட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அக்கா நின்றபடியே சொன்னாள். அவர்கள் வார்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் தினமும் இதைச் சத்தமாகப் படிக்கிறாளாம். 'ஏழின் கடிதங்கள்' என்று இணையத்தில் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொள்கிறார்களாம். செத்துப்போன ஒருவருக்கு ஒரு பெண் ஆறு வருஷமாகத் தன் வீட்டுக் கதையை எழுதுகிறாள், அவள் யாரென்று தெரியவில்லை, கதையா நிஜமா என்றும் தெரியவில்லை என்று பேச்சாம்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் டேபிள் ஃபேன் வந்துச்சு" என்றாள் அக்கா. "அவளுக்கு ஜுரம் அடிச்ச அஞ்சு நாளும் பக்கத்துல உக்காந்திருந்தவ நான். கட்டில் பக்கத்துல ஓடிட்டிருந்த ஃபேனை நீங்க கழட்டிட்டுப் போனதை நான் பார்த்தேன். மெஷினுக்குச் சூடு ஏறிப்போச்சுன்னு சொன்னீங்க."

அது நடந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன், கொளுத்தும் வெயிலில், கம்ப்யூட்டர் இரண்டு தடவை தானாக அணைந்துவிட்டது. ஜுரக்காரிக்குக் காற்றுப் பட்டால் குளிரும், விசிறி இல்லாமல் இருப்பதே நல்லது என்று அவர் அப்போது சொன்னார். சொல்லும்போது நம்பவும் செய்தார். விசிறி இன்னும் பின்னறையில்தான் இருந்தது.

"படிங்க தம்பி. உக்காந்து படிங்க. ஊர்ல பாதிப் பேர் படிச்சாச்சு."

"அது தனிக் கடிதம்" என்றார் நடத்துநர். "நான் படிக்க மாட்டேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பதில் சொல்லத் தகுந்த ஆள் இல்லை என்று முடிவு செய்தது போலக் கட்டை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் பின்னறைக்குப் போய் வெப் சர்வரை நிறுத்தினார். பிறகு முதல் முறையாகப் பதிவைத் திறந்து பார்த்தார். 'ஒரு படி மேலே' தட்டியவர் முதலில் ஒருவர். அடுத்த நாள் எட்டுப் பேர். பிறகு வெளியாள் யாரும் 'பொது'வுக்கு வரவே இல்லை, நேரே பெண்டுலத்தின் பெட்டிக்கே வந்தார்கள். மூன்று வாரத்தில் அந்தப் பெட்டியை ஆறாயிரத்துச் சொச்சம் தடவை திறந்திருந்தார்கள். வால்வு ரேடியோவை அதே மூன்று வாரத்தில் பத்தொன்பது தடவை திறந்திருந்தார்கள். பத்தொன்பதும் இந்த வீட்டிலிருந்தே.

தினமும் காப்பியோடு அவளுக்கு அவர் சொன்ன கணக்கு அதுதான். 'உன் கடிதத்தை நேற்று இத்தனை பேர் படித்தார்கள்' என்று அவர் வாயாலேயே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

மனைவி இரண்டு மணிக்கு வந்தாள். அக்கா அச்சகத்துக்கே போய்ச் சொல்லிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே பின்னறை வாசலுக்கு வந்து நின்றாள். அந்த அறைக்குள் அவள் வருவது அபூர்வம்.

"நான் ஒரு வரி கூடப் படிக்கல" என்றார் அவர். மன்னிப்பு என்ற சொல் வந்திருக்க வேண்டிய இடத்தில் இதுதான் முதலில் வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள்.

தவறு எப்படி நடந்தது என்று விளக்கினார். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், மேலே ஒரு படி, பட்டியலை மறைக்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அதை எழுத மறந்தது. விரலால் காற்றில் படம் வேறு போட்டுக் காட்டினார். அவள் குறுக்கே பேசவில்லை. அச்சுப்பிழையை அது எந்தப் பக்கத்தில் வந்தது என்று கேட்டுக்கொள்கிற ஆள் மாதிரி கேட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஆறு வருஷமா புதன்கிழமை தவறாம உள்ள வந்தேனே. என்ன பண்றேன்னு நெனச்சீங்க?"

"அந்தச் சொல் விளையாட்டு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்டுச் சிரிப்பது போல இருந்தது.

"மொதல்ல யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பெட்டியில எழுதினேன். செத்தவரு யார்கிட்ட போய்ச் சொல்லப் போறாரு. ரெண்டு மூணு வருஷம் போனதும், நீங்க ஒரு நாளாவது திறந்து பாத்திர மாட்டீங்களான்னு எழுத ஆரம்பிச்சேன். பெரிய பெரிய விஷயமா எழுதினேன். வீட்டை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்னு கூட ஒரு தடவை எழுதினேன். மறுநாள் காலையில உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க காப்பியில சக்கரை கம்மின்னு சொன்னீங்க."

"வாக்கு குடுத்திருக்கேனே" என்றார் அவர்.

"ஆமா. முப்பத்தேழு பேருக்குக் குடுத்த வாக்கு. நான் அதுல ஏழாம் நம்பர். படிக்கலைன்னா போகுது, என்ன எழுதறேன்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். பெண்டுலம் கேப்பாரு."

அவருக்கு அழுகை வந்தது. அதை அவளிடம் காட்டத் தெரியவில்லை. கேட்கத் தோன்றியதைக் கேட்டார். "இப்பப் படிக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் சட்டென்று. "போன மாசம் நீங்க படிச்சிருந்தா என் புருஷன் படிச்சதா இருந்திருக்கும். இன்னைக்குப் படிச்சா அந்த நானூத்திப் பன்னெண்டு பேர்ல நீங்களும் ஒருத்தரு. அந்த வரிசையில உங்களப் பாக்க எனக்குப் பிடிக்கல. அழிச்சிருங்க. என் கண் முன்னாடியே."

அழித்தார். அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்று கடிதங்கள், நிச்சயமாக அழிக்கவா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்றார். அலமாரியில் நகலாக வைத்திருந்த வட்டையும் எடுத்து வந்து அதிலிருந்தும் அழித்தார். அதை அவள் கேட்கக்கூட இல்லை, அவராகவே செய்தார். செய்ததைக் காட்டினார். படிக்க மாட்டேன் என்று இன்னொரு தடவை வாக்கும் கொடுத்தார்.

அவள் உள்ளே போய் ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். அக்கா வீட்டுக்கு என்றாள். எப்போது வருவாய் என்று அவர் கேட்டதற்கு, அதை யோசிக்கத்தான் போகிறேன் என்றாள். கிளம்பும்போது திரும்பப் பின்னறைக்கு வந்தாள். ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை நிறுத்தி, சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கைப்பிடியில் சுற்றினாள். ஒரு கையில் பை, ஒரு கையில் விசிறி என்று படியிறங்கிப் போனாள். ஆட்டோக்காரர் விசிறியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். நடத்துநர் ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தார்.

ஞாயிறும் திங்களும் தொலைபேசியில் அக்காதான் எடுத்தாள். நன்றாக இருக்கிறாள், சாப்பிட்டாள், பேச விருப்பமில்லை என்றாள். அதற்கு மேல் கேட்க அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பின்னறையில் உட்கார்ந்தார். விசிறி இல்லாமல் அறை அடுப்படியாகக் கொதித்தது. பலகை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த அவருக்கு மனம் வந்திருக்கவில்லை. வெப் சர்வர் மூடிய பிறகு வழி தேடி வந்தவர்கள் பலகையின் வாசலைக் கண்டுபிடித்திருந்தார்கள். மூன்று நாளில் இருபத்திரண்டு புது உறுப்பினர்கள். பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. போன வாரமாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பார்.

பொதுப் பகுதியில் புது ஆள் ஒருவர், பெயர் மழைக்கோட்டு, எழுதியிருந்தார். "ஏழின் கடிதங்கள் இருந்த பக்கம் காணாமல் போய்விட்டது. கவலை வேண்டாம். இருநூற்றுப் பதினொன்றையும் முன்பே எடுத்து வைத்துவிட்டேன். வேண்டுகிறவர்கள் கீழே பெயர் கொடுங்கள், உங்கள் தனிப் பெட்டிக்கு அனுப்புகிறேன்."

கீழே பதின்மூன்று பெயர்கள். அதில் நாலு பேர் பழைய உறுப்பினர்கள். பெண்டுலத்துக்கு இரங்கல் எழுதிய அதே ஆட்கள், கூச்சமே இல்லாமல் "எனக்கும்", "எனக்கும்" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சேதியை அழிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆளையே வெளியேற்றலாம். விரலை விசை மேல் வைத்தார். அழித்தால் அவளுக்கு நல்லது செய்ததாக இருக்கும். அழித்துவிட்டால் அந்தக் கடிதங்களைப் பார்க்க உலகத்தில் அவருக்கு வேறு வழியும் இருக்காது. வீட்டை விட்டுப் போகலாம் என்று எழுதியது எந்த வருஷம்? எந்தக் காலையில் அவர் சர்க்கரை குறைவு என்றார்? நேற்று முழுக்க லிஃப்ட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தார், நினைவுக்கு வரவில்லை.

வியர்வை சொட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பதினான்காவதாக, "எனக்கும்" என்று எழுதினார். பெயருக்குப் பக்கத்தில் நடத்துநர் என்று பலகை தானாகவே போட்டது.

மழைக்கோட்டு உள்ளேதான் இருந்தார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"வாங்க நடத்துநரே, உங்கள் வீட்டுப் பொருள்தானே. முழுதும் வேண்டுமா? நீளம் அதிகம். பலர் அந்தப் புருஷனைப் பற்றி வருகிற முப்பது கடிதம் மட்டும் போதும் என்கிறார்கள், சிரித்து மாளாது. எது அனுப்ப?"

நடத்துநர் அந்தக் கேள்வியை மூன்று தடவை படித்தார். பிறகு, "எல்லாம்" என்று எழுதி அனுப்பினார்.